பன்னிரண்டில் நான்கு

ஜோடி முப்பத்தெட்டாயிரம்.
நீளம் ஒரு மீட்டர்.
பின்னல் சட்டை போட்ட பாம்புக் குட்டிகள் மாதிரி
வெல்வெட் பெட்டியில் சுருண்டு
பெங்களூரிலிருந்து வந்து இறங்கின.
என் தாலிச் செயின் வந்தது காகித உறையில்.
சொல்லவில்லை.

திம்மராஜ் தரையில் உட்கார்ந்து விளக்கினான்:
உள்ளே இரண்டு கம்பி.
ஒன்றில் பாட்டு நேராகப் போகும்
மற்றதில் அதே பாட்டு தலைகீழாக.
வழியில் ஏறும் இரைச்சல்
இரண்டிலும் ஒன்றுபோல ஏறும்.
போய்ச் சேர்ந்த இடத்தில் தலைகீழை நிமிர்த்தினால்
பாட்டோடு பாட்டு சேரும்
இரைச்சலை இரைச்சல் தின்றுவிடும்.

அழகான கணக்கு. மறுக்கவில்லை.
ஆனால் ஆறு மாதமாக ஸ்பீக்கரில் குடியிருந்த
ம்ம்ம் என்கிற வண்டு
இந்தக் கணக்கைப் படித்ததாகத் தெரியவில்லை.
அது பாட்டுக்கு ம்ம்ம்.
அவனுக்கோ
"திரை விலகின மாதிரி இருக்கு."

நான் போச்சம்பள்ளி சாலையில்
மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன்.
நிறம் ஏமாற்றாதிருக்கச் சிவப்பு விளக்கு
அதன் கீழே மூன்று கிண்ணம்
இரண்டு ஒன்று, ஒன்று வேறு.
அல்போன்சாவில் பெங்களூரா கலந்திருந்தால்
நாக்கு சொல்லும்.
சொல்லாத நாளில்
'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பெரிய ஏற்றுமதி எல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் கப்பலேறும்.

ஞாயிற்றுக்கிழமை அவனைச் சுவர் பார்த்து உட்கார வைத்தேன்.
ஒரு பக்கம் வெல்வெட் ஜோடி.
மறு பக்கம், பாலக்கோட்டு மைக் செட் மாதையன்
அறுநூறு ரூபாய்க்கும் ஒரு பிரியாணிக்கும்
பற்றவைத்துக் கொடுத்த ஜோடி.
அதற்கும் அதே மூன்று முள், அதே இரட்டைக் கம்பி.
முதல் சுற்று சரி. சிரித்தான்.
நான்காவதில் வால்யூம் கூட்டச் சொன்னான்.
ஒன்பதாவதில்
"நீ மாத்தறியா, சும்மா உருட்டறியா?"
பன்னிரண்டில் நான்கு.
காதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவனுக்கும்
நான்கு விழும்.
எங்கள் ஆலையில் எட்டு வேண்டும்.
தாளை மடித்து
மின் கட்டண அட்டைக்குள் வைத்தேன்.
எத்தனை என்று அவனும் கேட்கவில்லை.

மாதையன் போனில் சொன்னான்:
"தேர்த் திருவிழாவுல ஜெனரேட்டர் ஓரமாவே
நூறடி இழுக்கறேன்க்கா, அங்க இது சாமி.
உங்க அலமாரியில
ரெண்டு டப்பாக்கு நடுவுல
எந்த எரைச்சல் வந்து உக்காரும்?
அது கெடக்கட்டும்.
எர்த்து குழியப் பாத்தீங்களா?"

சித்திரை வெயில்.
கீழே பாறை, மேலே ஒரு முழம் செம்மண்.
மூடியைத் தூக்கினால்
குழி வாய் பிளந்து கிடந்தது
உள்ளே இரண்டு பல்லி முட்டை.
இரண்டு கிலோ கல்லுப்பு, கொஞ்சம் கரி,
இரண்டு குடம் தண்ணீர்.
ஸ்ஸ்ஸ் என்று குடித்தது மண்.
வீட்டுக்குள் வந்தேன்
வண்டு இல்லை.

"பாத்தியா!" என்று எழுந்தே விட்டான் திம்மராஜ்.
"நூறு மணி நேரம் ஓடினாத்தான் கேபிள் பழகும்னு
பெட்டியிலயே போட்டிருந்தான்."
கையில் உப்பு ஈரம்.
முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அவன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தான்.
"இங்க. இந்த இடம். கேளு."
நாதஸ்வரக்காரர்
அடுத்த பிடிக்கு முன்
மூச்சு இழுக்கிறார்.
நனைந்த, சின்ன, மனித மூச்சு.
ஏழு வருடமாய்க் கேட்கிற தட்டு இது
இதுவரை அந்த ஆள் மூச்சு விட்டதே இல்லை.
குழியா, கம்பியா,
இல்லை, அவன் விரல் நீட்டியதால் மட்டுமா?
இதைச் சோதிக்க
என்னிடம் மூன்றாவது கிண்ணம் இல்லை.
'தெரியவில்லை'
என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

சனிக்கிழமைதோறும் இரண்டு குடம்.
எதற்கு என்றால் கறிவேப்பிலைக்கு என்கிறேன்.
உப்பு இறங்கி அது
பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது.
அவனுக்கு அதில்தான் கவலை.
இன்னும் ஒரு குடம் சேர்த்து ஊற்று என்கிறான்.